சிமா சியெனை வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

பழைய சீனத்தைப் பற்றி நாம் கேள்விப்படும் கதைகளில் பெரும்பகுதி ஒரே மனிதரின் கை வழியாக வந்தவை. நாடுகளை ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங், அவரைக் கொல்ல வரைபடச் சுருளுக்குள் குத்துவாளை மறைத்துக்கொண்டு போன ஜிங் கே, தோற்றபின் ஆற்றைக் கடக்க மறுத்த சியாங் யூ, ஊர் ஊராக அலைந்த கன்ஃபூசியஸ் என்று பட்டியல் நீளும். அந்த மனிதர் சிமா சியென். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹான் வம்சத்துப் பேரரசர் வூவின் அவையில் இருந்தவர். அவர் எழுதிய நூலை இன்று ஷிஜி என்கிறார்கள். 'வரலாற்றாசிரியரின் பதிவுகள்' என்று சொல்லிக்கொள்ளலாம். 130 அத்தியாயங்கள், 5,26,500 எழுத்துகள். இந்தக் கணக்கைக் கடைசி அத்தியாயத்தில் அவரே தருகிறார்.

இந்த நூலை ஆசையோடு எடுத்து, முதல் அத்தியாயத்தில் புராண கால மஞ்சள் பேரரசரின் வம்சாவளியைப் பார்த்ததும் மூடி வைத்தவர்கள் அதிகம். அது வாசகரின் குறை அல்ல. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நேராகப் படித்துப் போகும்படி இந்த நூல் கட்டப்படவில்லை. எங்கே நுழைவது, எதை எதோடு சேர்த்துப் படிப்பது, எதை நம்புவது என்று தெரிந்துகொண்டால் சில வாரங்களிலேயே இவர் உங்களுக்கு நெருங்கியவராகிவிடுவார். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிமா சியென் தன் தீர்ப்பை வாய்விட்டுச் சொல்வது குறைவு. யாரைப் பற்றிய எந்தச் செய்தியை எந்த அத்தியாயத்தில் வைத்தார் என்பதில்தான் அந்தத் தீர்ப்பு இருக்கிறது.

முதல் படி: கடிதத்திலிருந்து தொடங்குங்கள்

நூலைத் திறப்பதற்கு முன் அவர் எழுதிய ஒரு கடிதத்தைப் படியுங்கள். ரென் ஆன் என்ற நண்பருக்கு, கி.மு. 93 அல்லது 91ஐ ஒட்டி எழுதியது. ஷிஜியில் அது இல்லை. பின்னால் வந்த பான் கு எழுதிய ஹான் வம்ச வரலாற்றில், சிமா சியெனைப் பற்றிய 62ஆம் அத்தியாயத்தில் முழுதாக இருக்கிறது. ஷிஜியின் நல்ல மொழிபெயர்ப்புகள் பலவற்றில் முன்னுரையிலோ பின்னிணைப்பிலோ சேர்த்திருப்பார்கள்.

கடிதம் புரியப் பின்னணி கொஞ்சம் தேவை. சிமா சியெனின் தந்தையின் பெயர் சிமா தான். அவர் அவையில் தாய்ஷி என்ற பதவியில் இருந்தார். 'அவை வரலாற்றாசிரியர்' என்று நாம் எழுதிவிடுகிறோம். ஆனால் அந்தப் பதவியின் அன்றாட வேலை நட்சத்திரங்களைக் கவனிப்பது, நாட்காட்டி கணிப்பது, சடங்குகளுக்கு நாள் குறிப்பது, ஆவணங்களைக் காப்பது. வரலாறு எழுதச் சொல்லி அரசர் யாரும் கட்டளையிடவில்லை. அது தந்தை தானாக எடுத்துக்கொண்ட வேலை. கி.மு. 110இல் பேரரசர் தாய் மலையில் பெரும் வேள்வி நடத்தப் போனபோது, தந்தை சிமா தான் லுவோயாங் பகுதியிலேயே தங்கிவிட நேர்ந்தது. அந்த மனவேதனையிலேயே படுத்த படுக்கையானார். தென்மேற்குப் பயணத்திலிருந்து திரும்பிய மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நம் முன்னோர் ஜோ அரசர்களின் காலத்திலிருந்தே இந்தப் பணியைச் செய்தவர்கள், அது என்னோடு அறுந்துபோக வேண்டுமா, நான் எழுத நினைத்ததை மறந்துவிடாதே என்றார். மகன் தலை குனிந்து அழுது ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பதவி மகனுக்கு வந்தது. கி.மு. 104இல் நாட்காட்டியைத் திருத்தி அமைத்தவர்களில் அவரும் ஒருவர். நூல் வேலையும் முழு வேகத்தில் தொடங்கியது.

கி.மு. 99இல் எல்லாம் குலைந்தது. லீ லிங் என்ற தளபதி 5,000க்கும் குறைவான காலாட்படையோடு வடக்கே ஷியோங்னு நாடோடிகளின் நிலத்துக்குள் வெகுதூரம் போனார். தன்னைவிடப் பல மடங்கு பெரிய குதிரைப்படையோடு பத்து நாளுக்கு மேல் போரிட்டு, அம்புகள் தீர்ந்து, உதவி வராமல் சரணடைந்தார். வெற்றிச் செய்தி வந்த நாட்களில் கோப்பை உயர்த்தி வாழ்த்திய அவையினர், தோல்விச் செய்தி வந்ததும் அவரைத் தூற்றினார்கள். பேரரசர் கருத்துக் கேட்டபோது சிமா சியென் லீ லிங்குக்காகப் பேசினார். இத்தனைக்கும் இருவரும் நண்பர்கள் அல்ல. சேர்ந்து ஒரு கோப்பை மதுகூட அருந்தியதில்லை என்று கடிதத்தில் எழுதுகிறார். அந்தப் படையெடுப்பின் தலைமைத் தளபதி லீ குவாங்லீ, பேரரசருக்குப் பிரியமான லீ சீமாட்டியின் சகோதரர். அவரைக் குறை சொல்வதற்காகவே இப்படிப் பேசுகிறார் என்று பேரரசர் எடுத்துக்கொண்டார். அரசரை ஏமாற்றிய குற்றத்துக்கு மரண தண்டனை.

பணம் கட்டித் தப்பிக்க வழி இருந்தது. குடும்பத்தில் பணம் இல்லை. நண்பர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிச்சம் இருந்தவை இரண்டு: சாவு, அல்லது ஆண்மை நீக்கம். அக்காலத்தில் மானமுள்ளவன் முதலாவதைத்தான் ஏற்பான், அதுவும் சிறைக்குப் போகுமுன் தன் கையாலேயே முடித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தார்கள். சிமா சியென் இரண்டாவதை ஏற்றார். ஏன் என்று விளக்குவதுதான் அந்தக் கடிதம். வரைவு முடியவில்லை, நடுவில் இந்தக் கேடு வந்தது, அது முடியாமல் போய்விடுமே என்ற வருத்தத்தால் முகம் சுளிக்காமல் அந்தத் தண்டனையை ஏற்றேன் என்கிறார். அன்று நான் செத்திருந்தால் ஒன்பது எருதுகளில் ஒரு மயிர் உதிர்ந்தது போலத்தான் இருந்திருக்கும் என்கிறார். குடல் ஒரு நாளில் ஒன்பது முறை புரள்கிறது, வீட்டில் இருந்தால் எதையோ தொலைத்தவன் போல இருக்கிறது, வெளியே போனால் எங்கே போகிறேன் என்று தெரிவதில்லை, அந்த அவமானத்தை நினைக்கும்போதெல்லாம் முதுகு வியர்த்து உடை நனைகிறது என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசவையிலிருந்து, ஒரு மனிதன் தன் உடம்பின் வேதனையை இவ்வளவு பச்சையாகச் சொல்லி நான் வேறெங்கும் படித்ததில்லை.

எல்லோருக்கும் சாவு ஒருமுறைதான், அது தாய் மலையை விடக் கனமாகவும் இருக்கலாம், அன்னத்தின் இறகை விட லேசாகவும் இருக்கலாம் என்ற வரியும் இதில்தான் வருகிறது. 1944இல் மாவோ தன் உரை ஒன்றில் இதை எடுத்தாண்டதால் இன்றைய சீனத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரி. கடிதத்தைப் படித்து முடித்தபின் ஷிஜியின் கடைசி, 130ஆம் அத்தியாயத்தைப் படியுங்கள். அது ஆசிரியர் தன்னைப் பற்றி எழுதிய முன்னுரை. பழைய சீன வழக்கப்படி நூலின் இறுதியில் இருக்கிறது. தந்தையின் மரணப் படுக்கைக் காட்சியும், இருபது வயதில் தெற்கேயும் கிழக்கேயும் அவர் சுற்றிய பயணமும் அதில் வருகின்றன.

இரண்டாம் படி: நூலின் எலும்புக்கூட்டைப் பழகிக்கொள்ளுங்கள்

ஷிஜிக்கு ஐந்து பகுதிகள். அரசாண்டவர்களின் வரலாறு 12 அத்தியாயம். கால அட்டவணைகள் 10. சடங்கு, இசை, நாட்காட்டி, கால்வாய், பணம் போன்ற துறைகளைப் பற்றிய கட்டுரைகள் 8. பரம்பரைக் குலங்களின் வரலாறு 30. தனி மனிதர்கள், மக்கள் கூட்டங்களின் வரலாறு 70. முன்பு வரலாறு என்றால் ஆண்டு வாரியான குறிப்பு. ஒரே காலத்தை ஐந்து கோணங்களில் பார்க்கும் இந்த அமைப்பு சிமா சியென் உருவாக்கியது. பின்னால் வந்த அரச வம்ச வரலாறுகள் பெரும்பாலும் இதைப் பின்பற்றின. 'இருபத்து நான்கு வரலாறுகள்' என்ற அந்த வரிசையில் முதல் நூல் ஷிஜிதான். கொரியாவில் 1145இல் கிம் புசிக் தொகுத்த மூன்று அரசுகளின் வரலாறும் இதே அச்சில் வார்த்தது.

யார் எந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்று பொருளடக்கத்தை மெதுவாகப் பாருங்கள். சியாங் யூ பேரரசர் ஆகவே இல்லை, தோற்றுச் செத்தவர். ஆனால் அரசாண்டவர்களின் வரிசையில் 7ஆம் அத்தியாயம் அவருடையது. கன்ஃபூசியஸுக்கு ஒரு சிற்றரசுகூட இருந்ததில்லை. அவரைப் பரம்பரைக் குலங்களோடு 47இல் வைத்தார். அதற்கு அடுத்த இடம் சென் ஷெ என்ற கூலி விவசாயிக்கு. கி.மு. 209இல் எல்லைக் காவலுக்கு இழுத்துச் செல்லப்பட்ட 900 பேரில் ஒருவர் அவர். மழையால் பயணம் தாமதமானது. தாமதத்துக்குத் தண்டனை சாவு. எப்படியும் சாவுதான் என்ற நிலையில் "அரசனும் அமைச்சனும் விதையிலேயே முளைத்து வந்தவர்களா?" என்று கேட்டுக் கலகத்தைத் தொடங்கினார். ஆறு மாதத்தில் கொல்லப்பட்டார், ஆனால் சின் பேரரசு சரியத் தொடங்கியது அவரால். பேரரசரின் தாயான லூ அரசியும் ஆட்சி வரிசையில் இருக்கிறார். பெயருக்கு அரியணையில் இருந்த மகனுக்குத் தனி அத்தியாயம் இல்லை. அதிகாரம் உண்மையில் யார் கையில் இருந்தது, நாட்டை மாற்றியது யார் என்பதே அவருக்கு அளவுகோல். இதை அவர் விரித்து விளக்கவில்லை. வைத்த இடமே சொல்லிவிடுகிறது.

அட்டவணைகளை முதல் சுற்றில் விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கி.மு. 841க்கு முன் அவர் ஆண்டுக் கணக்குத் தரவில்லை, தலைமுறைகளை மட்டும் குறிக்கிறார். பழைய பட்டியல்கள் அவர் கையில் இருந்தன. ஒன்றுக்கொன்று முரண்பட்டதால் அவற்றைப் பயன்படுத்த மறுத்தார்.

மூன்றாம் படி: ஒரு தாளில் பெயர்களும் காலமும்

பலர் தடுக்கி விழும் இடம் இது. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். 'சிமா' குடும்பப் பெயர், 'சியென்' இட்ட பெயர். அதைவிடச் சிரமம், ஒரே ஆள் பல பெயர்களில் வருவது. ஹான் வம்சத்தை நிறுவிய லியு பாங் சில இடங்களில் பெய் ஊரின் கோமகன், சில இடங்களில் ஹான் அரசர், சில இடங்களில் காவ்ஸு. மூவரும் ஒருவரே. புத்தகத்துக்குள் ஒரு தாளை வைத்துக்கொண்டு இப்படி வரும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.

அதே தாளில் காலக்கோடு ஒன்றையும் போட்டுவிடுங்கள். ஜோ அரசர்களின் பிடி தளர்ந்து சிற்றரசுகள் ஒன்றையொன்று விழுங்கிய நீண்ட காலம், கி.மு. 221இல் சின் எல்லாவற்றையும் ஒன்றாக்கியது, கி.மு. 206இல் அது அழிந்தது, அடுத்த நான்கு ஆண்டுகள் லியு பாங்கும் சியாங் யூவும் மோதிக்கொண்டது, கி.மு. 202இலிருந்து ஹான். தொடக்கத்துக்கு இது போதும்.

நான்காம் படி: முதல் வாசிப்பு நான்கு அத்தியாயங்கள்

7, 8, 55, 92. இந்த வரிசையிலேயே படியுங்கள். நான்கும் ஒரே போரை வெவ்வேறு ஆட்களின் பக்கம் நின்று சொல்பவை.

7 சியாங் யூவின் கதை. இளவயதில் சின் பேரரசரின் ஊர்வலத்தைப் பார்த்து, "இவனை அகற்றிவிட்டு அந்த இடத்தில் நான் உட்காரலாம்" என்று சொல்ல, சித்தப்பா அவர் வாயைப் பொத்துகிறார். 8இல் லியு பாங்கும் அதே பேரரசரைப் பார்க்கிறார். "ஆண்மகன் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!" என்று பெருமூச்சு விடுகிறார். இரண்டு வாக்கியங்கள், இரண்டு மனிதர்கள். விருந்துக்கு அழைத்துவிட்டு வாள் நடனம் என்ற பெயரில் லியு பாங்கைக் கொல்ல முயலும் ஹோங்மென் காட்சியும் 7இல்தான். யார் எந்தத் திசை நோக்கி உட்கார்ந்தார்கள் என்பதைக்கூட எழுதியிருக்கிறார். அதை மெதுவாகப் படியுங்கள். இருக்கை வரிசையில் யாருக்கு மரியாதை, யாருக்கு இல்லை என்பது தெரியும்.

முடிவில் சியாங் யூ வூ ஆற்றங்கரைக்குத் தப்பி வருகிறார். படகுக்காரர் ஏறிக்கொள்ளச் சொல்கிறார். என்னோடு ஆற்றைக் கடந்து வந்த 8,000 இளைஞர்களில் ஒருவரும் திரும்பவில்லை, அவர்கள் தகப்பன்மார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மறுத்து, குதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு நடந்தே போரிடுகிறார். எதிரிப் படையில் பழைய அறிமுகமான ஒருவரைக் கண்டு, என் தலைக்குப் பரிசு அறிவித்திருக்கிறார்களாம், அந்த உதவியை உனக்குச் செய்கிறேன் என்று தன் கழுத்தை அறுத்துக்கொள்கிறார். உடலுக்காக வீரர்கள் ஒருவரையொருவர் மிதித்துக் கொல்கிறார்கள். துண்டுகளோடு வந்த ஐந்து பேருக்குப் பிரபுப் பட்டம் கிடைக்கிறது. ஐவர் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார் சிமா சியென்.

அடுத்து 8ஐப் படிக்கும்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். லியு பாங் அப்போதைய அரச வம்சத்தின் மூதாதை. அவருடைய சொந்த அத்தியாயம் அவரைப் பெருந்தன்மையும் மக்களிடம் அன்பும் உள்ளவராகக் காட்டுகிறது. ஆனால் 7இல் நீங்கள் ஏற்கனவே ஒன்றைப் படித்திருப்பீர்கள். பெங்செங்கில் தோற்று ஓடும்போது, வண்டி வேகமாகப் போக வேண்டும் என்று தன் மகனையும் மகளையும் கீழே தள்ளிவிடுகிறார். தேரோட்டி இறங்கி அவர்களைத் தூக்கி ஏற்றுகிறார், லியு பாங் மறுபடி தள்ளுகிறார். மூன்று முறை. அதே அத்தியாயத்தில், உன் அப்பனைக் கொதிக்க வைப்பேன் என்று சியாங் யூ மிரட்டும்போது, அந்தச் சாற்றில் எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பு என்கிறார். இவை 8இல் இல்லை. எதிரியின் அத்தியாயத்தில் இருக்கின்றன.

சீன அறிஞர்கள் இந்த உத்தியைத் தனியாகவே பேசுவார்கள்: ஒருவரின் அத்தியாயத்தில் சொல்லாததை இன்னொருவருடையதில் பார். பயத்தால் ஒளித்தார் என்று மட்டும் இதைச் சுருக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு முகம் கொடுத்து, முழு உருவத்தை வாசகரே சேர்த்துப் பார்க்க விடுகிறார் என்றே நான் நினைக்கிறேன். இதைப் பிடித்துக்கொண்டீர்கள் என்றால் ஷிஜியை வாசிக்கத் தெரிந்துகொண்டீர்கள் என்று அர்த்தம்.

55 ஜாங் லியாங் என்ற ஆலோசகர் பற்றியது. 92 ஹான் ஷின். தெருவில் ஒரு முரடனின் கால்களுக்கிடையே தவழ்ந்து போன வாலிபன் பின்னாளில் லியு பாங்கின் தலைசிறந்த தளபதி ஆகிறான். கி.மு. 196இல் சதிக் குற்றம் சாட்டிக் கொல்லப்படுகிறான். அரச வம்சம் சொன்ன கதை சதி நடந்தது என்பது. சிமா சியென் அதை அப்படியே எழுதுகிறார். அதற்கு முன்னால், ஹான் ஷின் படை பலத்தின் உச்சியில் இருந்தபோது ஒருவர் வந்து தனி அரசனாகிவிடு என்று மன்றாடும் நீண்ட உரையாடலையும், என்னைத் தன் வண்டியில் ஏற்றியவருக்குத் துரோகம் செய்ய மாட்டேன் என்று அவர் மறுத்ததையும் பக்கம் பக்கமாக வைக்கிறார். கையில் படை இருந்தபோது மறுத்தவர், எல்லாம் பறிபோனபின் சதி செய்தாரா? கேள்வி வாசகரிடம் விடப்படுகிறது.

ஐந்தாம் படி: அவருடைய குரலைத் தனியாகக் கேளுங்கள்

பெரும்பாலான அத்தியாயங்களின் முடிவில் 'தாய்ஷிகொங் சொல்கிறார்', அதாவது தாய்ஷி பதவியில் இருப்பவர் சொல்கிறார் என்று ஒரு பத்தி வரும். அவர் நேராக நம்மோடு பேசும் இடம் இதுதான். சின்னதாக இருக்கும், அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். கன்ஃபூசியஸின் ஊருக்குப் போய் அவருடைய வண்டியையும் உடைகளையும் சடங்குப் பாத்திரங்களையும் பார்த்து, கிளம்ப மனமில்லாமல் நின்றேன் என்பார். பெருஞ்சுவரைக் கட்டிய மெங் தியென்னைப் பற்றிய 88இல், வடக்கு எல்லையில் பயணம் செய்து அந்தக் கோட்டைகளைக் கண்டேன், மக்களின் உழைப்பை எவ்வளவு அலட்சியமாக உறிஞ்சியிருக்கிறார்கள் என்பார். ஹான் ஷின்னின் ஊரில் விசாரித்ததைச் சொல்வார். ஜிங் கேயைப் பற்றிய 86இல், கொலை முயற்சியின்போது அரசரின் பக்கம் நின்று மருந்துப் பையை வீசி எறிந்த வைத்தியரோடு பழகியவர்கள் இதைச் சொன்னார்கள் என்று சாட்சியைப் பெயரோடு தருவார். அந்தச் சம்பவம் நடந்தது கி.மு. 227இல் என்பதால், இங்கே பேசுவது தந்தை சிமா தானாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தந்தை எழுதி வைத்த பகுதிகள் நூலில் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

குரல் உரத்து ஒலிக்கும் இடம் 61. போ யி, ஷு சி என்ற சகோதரர்கள் கொள்கைக்காக மலையில் பட்டினி கிடந்து செத்தவர்கள். கதையைச் சில வரிகளில் முடித்துவிட்டுக் கேள்வியை எழுப்புகிறார். வானம் நல்லவர் பக்கம் நிற்கும் என்கிறார்களே, கன்ஃபூசியஸின் அருமைச் சீடர் யான் ஹுய் வறுமையில் இளம் வயதில் செத்தார். மனிதர்களைக் கொன்று குவித்த கொள்ளைக்காரன் ஜி நீண்ட ஆயுளோடு வாழ்ந்தான். வானத்தின் வழி என்று சொல்லப்படுவது சரியா, தவறா? கடிதத்தைப் படித்தவருக்கு இந்தக் கேள்வி யாருடையது என்று புரியும். தனி மனிதர் வரலாறுகள் எழுபதில் இதை முதலாவதாக வைத்திருக்கிறார்.

109ஐயும் இதே மனநிலையில் படியுங்கள். தளபதி லீ குவாங், லீ லிங்கின் தாத்தா. வாழ்நாளெல்லாம் ஷியோங்னுவோடு போரிட்டும் ஒரு பிரபுப் பட்டம் கிடைக்காதவர். கடைசிப் போரில் வழி தவறியதற்காக எழுத்தர்கள் முன் நின்று பதில் சொல்ல மறுத்துத் தற்கொலை செய்துகொண்டார். அவரை நேரில் பார்த்திருக்கிறேன், பேசத் தெரியாத நாட்டுப்புறத்து ஆள் போல இருப்பார் என்று எழுதிவிட்டு, பீச்சும் பிளம்மும் பேசுவதில்லை, ஆனாலும் அவற்றின் அடியில் தானாகப் பாதை உண்டாகிவிடுகிறது என்ற பழமொழியைச் சொல்லி முடிக்கிறார்.

ஆறாம் படி: அரசரைப் பற்றியும் பணத்தைப் பற்றியும்

தன்னைத் தண்டித்த பேரரசரைப் பற்றி என்ன எழுதினார் என்று எல்லோரும் தேடுவார்கள். 12ஆம் அத்தியாயத்தைத் திறந்தால் ஏமாற்றம்தான். மூலம் தொலைந்துவிட்டது, பேரரசர் படித்துக் கோபப்பட்டு அழித்தார் என்று பின்னாளில் ஒரு கதை உண்டு. இப்போது அங்கே இருப்பது 28ஆம் அத்தியாயத்திலிருந்து எடுத்து ஒட்டியது. ஆகவே நேராக 28க்குப் போங்கள். சாவாமை தேடி மந்திரவாதிகளை நம்பிய பேரரசர் அதில் வருகிறார். ஷாவ்வெங் என்ற மந்திரவாதி பட்டுத் துணியில் எதையோ எழுதி மாட்டுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, இந்த மாட்டின் வயிற்றில் அதிசயம் இருக்கிறது என்கிறான். மாட்டை அறுத்துத் துணியை எடுக்கிறார்கள். பேரரசருக்குக் கையெழுத்து தெரிந்துவிடுகிறது. ஆளைக் கொன்று செய்தியை மறைக்கிறார். சில காலம் கழித்து இன்னொரு மந்திரவாதி வரும்போது, அவன் குதிரை ஈரல் தின்று செத்தான் என்று சொல்லிப் புதியவனை நம்பத் தொடங்குகிறார். ஆசிரியர் ஒரு கண்டனச் சொல்லும் சேர்க்கவில்லை.

129 செல்வம் சேர்த்தவர்களைப் பற்றியது, எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று. வணிகர்களை இழிவாகப் பார்த்த சமூகத்தில், மக்கள் லாபத்தைத் தேடுவது நீர் பள்ளத்தை நோக்கி ஓடுவது போல இயல்பானது, யாரும் கட்டளையிட வேண்டியதில்லை என்று எழுதினார். செந்தூரச் சுரங்கம் நடத்திய விதவை சிங், அவளை மதித்துச் சின் ஷி ஹுவாங் எழுப்பிய மேடை. கத்தி தீட்டியும் உலர்ந்த இரைப்பை விற்றும் குதிரைக்கு வைத்தியம் பார்த்தும் பிரபுக்கள் போல வாழ்ந்தவர்கள். இவர்களையெல்லாம் தொழிலோடு பதிவு செய்திருக்கிறார். பின்னால் பான் கு இதைக் கண்டித்தார். பணத்தைப் புகழ்ந்து ஏழ்மையை இகழ்கிறார் என்றார். பணம் இல்லாததால் தன் உடம்பை இழந்த ஒருவர் எழுதியது இது என்பதை மறந்து படிக்க முடியவில்லை. அதே பான் கு, சிமா சியென் பொய்யாகப் புகழவும் இல்லை, தீமையை மறைக்கவும் இல்லை என்ற பழைய அறிஞர்களின் மதிப்பீட்டையும் பதிவு செய்தார். அது நியாயமான தீர்ப்பு.

இந்தியாவைத் தேடுகிறவர்கள் 123ஐப் பார்க்கலாம். தூதர் ஜாங் சியென் மத்திய ஆசியாவின் பாக்திரியாவில் தென்மேற்குச் சீனத்து மூங்கில் தடியையும் துணியையும் கண்டு திகைக்கிறார். 'ஷென்டு' நாட்டுச் சந்தையில் வாங்கினோம் என்கிறார்கள் வணிகர்கள். வெப்பமும் ஈரமும் உள்ள நாடு, பெரிய நதிக்கரையில் இருக்கிறது, மக்கள் யானை மேலேறிப் போரிடுகிறார்கள் என்ற குறிப்பு வருகிறது. சிந்து என்ற பெயரின் சீன வடிவம்தான் ஷென்டு. காஞ்சிபுரம் என்று பல அறிஞர்கள் கருதும் 'ஹுவாங்ஜி' பற்றிய குறிப்பு இதில் இல்லை. அது பான் குவின் நூலில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏழாம் படி: எவ்வளவு நம்புவது?

மூடிய அறையில் இருவர் பேசியது வார்த்தை வார்த்தையாக வந்தால், அது ஆசிரியர் கட்டமைத்தது, அல்லது வாய்வழியாக வந்த கதை. அதைக் குணச்சித்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள், பதிவாக அல்ல. மறுபக்கம், கட்டுக்கதை என்று அவசரப்பட்டு ஒதுக்கவும் வேண்டாம். அவர் தந்த ஷாங் அரசர்களின் பட்டியலை ஒரு காலத்தில் பலர் சந்தேகித்தார்கள். அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த அரசர்களின் பெயர்கள், குறி கேட்கப் பயன்பட்ட எலும்புகளிலும் ஆமை ஓடுகளிலும் கிடைத்தன. 1917இல் சீன அறிஞர் வாங் குவோவெய் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சில திருத்தங்களைத் தவிரப் பட்டியல் பொருந்தியது. 6ஆம் அத்தியாயத்தில் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குள் பாதரச ஆறுகள் ஓடியதாக எழுதினார். 1980களில் அந்த மேட்டின் மண்ணில் பாதரச அளவு வழக்கத்தை விட அதிகமாக இருப்பது அளக்கப்பட்டது. ஆனால் 1974இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்ட சுடுமண் படையைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டையும் சேர்த்தே அவரை எடைபோட வேண்டும்.

பான் கு காலத்திலேயே பத்து அத்தியாயங்கள் காணாமல் போயிருந்தன. சூ ஷாவ்சுன் என்பவர் சிலவற்றை நிரப்பினார். 'சூ ஐயா சொல்கிறார்' என்று வந்தால் அது அவர் குரல்.

எந்தப் பதிப்பு?

ஆங்கிலத்தில் படிக்க முடிந்தால் பர்ட்டன் வாட்சனின் மொழிபெயர்ப்பில் தொடங்குங்கள். 1961இல் வந்தது பழைய எழுத்துப்பெயர்ப்பு முறையில் இருக்கும். 1993இல் சின் காலத்துக்கான தனித் தொகுதியோடு வந்த திருத்தப் பதிப்பு இன்றைய பின்யின் முறையில் இருக்கிறது, அதையே தேடுங்கள். வாசிக்கச் சுகமானது, அடிக்குறிப்பு குறைவு. ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் வேண்டுமென்றால் வில்லியம் நீன்ஹவுசர் தலைமையில் 1994 முதல் வெளிவந்த தொகுதிகள். அவை இரண்டாம் வாசிப்புக்கு. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு எதுவார் ஷவானின் மொழிபெயர்ப்பு நூறாண்டு கடந்தும் மதிப்பு குறையாதது. சீனம் படிக்கிறவர்கள் 1959இல் ஜோங்ஹுவா பதிப்பகம் நிறுத்தக்குறிகளோடு வெளியிட்ட பதிப்பையோ 2013இல் வந்த அதன் திருத்தத்தையோ எடுக்கலாம். மூன்று பழைய உரைகளும் அதிலேயே இருக்கும்.

சீனத்துக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால், ஷான்ஷி மாநிலத்தின் ஹான்செங்கைத் திட்டத்தில் சேருங்கள். சுடுமண் படையைப் பார்க்கப் பலரும் போகும் ஷியானிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மஞ்சள் நதிக்கு அருகே ஒரு குன்றின் மேல் அவருடைய நினைவாலயமும் கல்லறையும் இருக்கின்றன. சிமா சியென் எந்த ஆண்டு, எப்படி இறந்தார் என்று எந்த நூலும் பதிவு செய்யவில்லை. நூலின் ஒரு படியை மலையில் மறைத்துவிட்டேன், இன்னொன்று தலைநகரில் இருக்கிறது என்று எழுதிவிட்டு அவர் மறைந்துபோனார். மூங்கில் பட்டைகளில் எழுதிய அந்த நூலை, பேரரசர் ஷுவானின் காலத்தில் வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் மகள் வழிப் பேரன் யாங் யுன்.